குழாய் கழற்றும் விழா

சரவணை முதலியார் ஞாபகார்த்தத் தரும வைத்தியசாலையில் நோயாளர் குறைந்த நாள்கள் உண்டு. கூட்டம் குறைந்த நாள் கிடையாது. கூரை ஒழுகினால் அதைப் பற்றிக் கூட்டம் கூடும். மழை விட்டு ஒழுக்கு நின்றால் அதற்கு நன்றி தெரிவிக்க இன்னொரு கூட்டம் கூடும். கதிரை போதாவிட்டால், நோயாளரைப் பார்க்க வந்தவர்களை எழுப்பிவிட்டு வார்ட்டுக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நோயாளரையும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகாததற்குக் காரணம் மண்டபத்து வாசல் ஒடுக்கமாக இருந்ததுதான்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. திறப்பு விழா நடக்காத எந்தப் பொருளும் அந்த வைத்தியசாலையில் இருப்பதாகக் கணக்கில்லை. மலசலகூடம் கட்டி முடித்தபின், பிரதம விருந்தினர் ஒருவர் அகப்படும்வரை, ஒரு மாரிகாலம் முழுக்க நோயாளர்கள் குடை பிடித்துக்கொண்டு பக்கத்துப் பனை வடலிக் காணிக்குப் போய் வந்தார்கள். ஒருவழியாக விழா நடந்தது. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். சனம் பாவித்தால் பழுதாகிப் போகும் என்று அன்று மாலையே பூட்டியும் போட்டார்கள். நோயாளர்கள் மறுபடியும் குடையைக் கையில் எடுத்தார்கள்.

இதெல்லாம் பத்மாசினிக்குத் தெரியாது. எழுபத்தெட்டாம் ஆண்டு வைகாசியில், வடகரையில் வள்ளம் வைத்துத் தொழில் செய்யும் தன் புருஷன் ஆழ்வாப்பிள்ளையை, வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்த கோலத்தில், ஒரு ஏ-40 காரின் பின்சீற்றில் போட்டுக்கொண்டு அவள் அங்கே வந்து இறங்கியபோது, டொக்டர் நல்ல டொக்டர் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அது உண்மையும்தான். டொக்டர் நமசிவாயம் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். கத்தியைக் கையில் எடுத்தால் சிங்கம். கத்தியைக் கீழே வைத்துவிட்டால், வைத்தியசாலைச் சபையில் இருக்கும் எவரையும் மறுத்து ஒரு சொல் சொல்ல வராது. ஆழ்வாப்பிள்ளையின் குடலில் விழுந்திருந்த ஓட்டையை அன்றே வெட்டித் தைத்துவிட்டார். பிறகு பல நாள் வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. கை நரம்பில் சேலைன் ஏற்றினார்கள். ஒவ்வொரு நரம்பாக வீங்கிப் படுத்துவிட்டது. அப்போதுதான் டொக்டர் தன் சூட்கேசைத் திறந்து, சேட்டுகளுக்கிடையில் பத்திரமாக வைத்திருந்த இரண்டு பொதிகளில் ஒன்றை எடுத்தார். அதற்குள் இருந்தது மெல்லிய நீண்ட குழாய். முழங்கை வரை தேய்த்துக் கழுவி, உறை மாட்டி, வாய்க்கட்டுக் கட்டி, ஒரு பூசை போல அதை ஆழ்வாப்பிள்ளையின் காறை எலும்புக்குக் கீழே குத்தி, நெஞ்சுக்குள் போகும் பெரிய நரம்புக்குள் செலுத்தி, தையல் போட்டுக் கட்டிவிட்டார். மருந்தும் சத்தும் அதன் வழியாகப் போயின. செத்துப்போவான் என்று எல்லாரும் நினைத்த மனிதன் கண் விழித்துத் தன் வள்ளத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டான். பத்மாசினி வல்லிபுரக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். டொக்டரையும் அந்தக் கணக்கில் சேர்த்தே கும்பிட்டாள்.

கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் குழாய்க்கு வேலை இல்லை. நாளைக்குக் கழற்றலாம் என்று டொக்டர் சொன்னார். அந்தச் சொல் காரியதரிசியின் காதுக்குப் போய்விட்டது.

காரியதரிசி இளையதம்பி இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்ரர். முப்பது வருடம் ரயிலுக்குக் கொடி காட்டியவர் என்பதால், தன் அனுமதி இல்லாமல் உலகத்தில் எதுவும் நகரக் கூடாது என்று நம்பினார். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, மடியில் ஒரு மூக்குத்தூள் டப்பி. வார்ட்டுக்குள் வந்தவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று டொக்டரைப் பார்த்தார்.

“என்ன டொக்டர், கழட்டப் போறியளாம். இன்னும் திறக்கவேயில்லையே.”

டொக்டர் விழித்தார். இளையதம்பி பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த வைத்தியசாலையிலே இப்படியொரு குழாய் இதுதான் முதல். அப்படிப்பட்ட குழாயை ஒரு தேவாரம் இல்லாமல், ஒரு வரவேற்புரை இல்லாமல், களவெடுத்த சாமான் மாதிரி உள்ளே விட்டதே முதற்பிழை. இனி அதைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்தால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்காரர் அப்படியொரு குழாய் இங்கே இருக்கவேயில்லை என்று கதை கட்டுவார்கள். டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். குழாய் நெஞ்சிலேயே நின்றது.

அன்றிலிருந்து ஆழ்வாப்பிள்ளை ஒரு காட்சிப்பொருள். இளையதம்பி தானே ஆள்களைக் கூட்டி வந்து காட்டினார். மூக்குத்தூளை ஒரு சிமிட்டா இழுத்து, அதே இரண்டு விரலால் குழாயைத் தூக்கிப் பிடித்து, இதுதான் அது என்பார். வந்தவர்களும் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆள்களா? ஒருவர் அழுத்திப் பார்த்தார். ஒருவர் ரப்பரா பிளாஸ்ரிக்கா என்று சுண்டிப் பார்த்தார். ஒரு பக்திமான் கோயிலிலிருந்து நேரே வந்து, நோயாளிக்கு நெற்றியில் இட்ட திருநீற்றில் மிச்சத்தைக் குழாயின் வாயிலும் இட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயினர். பத்மாசினிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. தன் புருஷனைப் பார்க்க இவ்வளவு பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று, வந்தவர்களுக்கெல்லாம் ஒரேஞ் பார்லிப் போத்தல் உடைத்துக் கொடுத்தாள்.

பிறகுதான் நடுக்கம் வந்தது.

சேலைன் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் ஆழ்வாப்பிள்ளையின் பல்லு அடிக்கத் தொடங்கியது. கட்டில் கிடுகிடுத்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நிற்கவில்லை. பிறகு உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. மறுநாள் மருந்து ஏற்றினார்கள், மறுபடியும் அதே கூத்து. வார்ட்டு நேர்ஸ் ஸ்ரெல்லா மிசிக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. டொக்டருக்கும் விளங்கிவிட்டது. குழாயின் வழியாகக் கிருமி இரத்தத்துக்குள் இறங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னார். தையலை வெட்டக் கத்தரிக்கோலைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

“கிருமியோ?” என்று கேட்டபடி வந்து நின்றார் இளையதம்பி. “அப்ப உடனை ஒரு சங்கம் வேணுமே.”

டொக்டர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார்.

அன்று பின்னேரமே, மண்டபத்துச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்ததால், ஆழ்வாப்பிள்ளையின் கட்டிலைச் சுற்றி குழாய்வழி இரத்தக் கிருமித் தடுப்புச் சங்கத்தின் அங்குரார்ப்பணக் கூட்டம் நடந்தது. தலைவர் ஒருவர், உப தலைவர்கள் பலர், காரியதரிசியாக இளையதம்பி, கணக்குப் பார்க்கத் தனாதிகாரி ஒருவர், இவர்கள் எல்லாரையும் ஆசீர்வதிக்கக் கொழும்பில் இருக்கும் ஒரு போஷகர். தெரிவானவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, குழாயை வலக்கையால் தொட்டு, கிருமியை ஒழிக்கப் பாடுபடுவோம் என்று சத்தியம் செய்தார்கள். தலைவர் சுருட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டார். தனாதிகாரி கோழிக்குத் தவிடு குழைத்த கையோடு வந்திருந்தார், அவரும் தொட்டார். நோயாளியைக் கௌரவ உறுப்பினராக ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள். நடுக்கத்தில் அவன் தலை மேலும் கீழும் ஆடியதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. குழாயைத் தொடுகிறவர்கள் கை கழுவ வேண்டும் என்று ஸ்ரெல்லா மிசி சொன்னதை ஒரு பிரேரணையாக நிறைவேற்றி, யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு பேசின் வாங்கி வந்தார்கள். அதைப் பூட்டுவதற்காக வார்ட்டில் இருந்த பழைய பைப்பையும் தொட்டியையும் உடைத்து எடுத்தார்கள். புதுப் பேசினைச் சுவரில் பூட்டினார்கள். அதன் மேல் குறுக்கே சிவப்பு நாடா கட்டினார்கள். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் வந்து குழாயையும் பேசினையும் சேர்த்துத் திறந்து வைக்கும்வரை ஒருவரும் தண்ணீர் திறக்கக் கூடாது.

ஆக, கை கழுவப் பேசின் வந்த நாளிலிருந்து அந்த வார்ட்டில் கை கழுவ இடம் இல்லாமல் போயிற்று. ஸ்ரெல்லா மிசி மட்டும் ஒவ்வொரு தடவையும் பின்வளவுக் கிணற்றுக்குப் போய்க் கழுவிக்கொண்டு, ஈரக் கையை நெஞ்சுக்கு முன்னால் ஏந்தியபடி திரும்பி வந்தாள். மற்றவர்களுக்கு அவ்வளவு நடை நடக்க முடியவில்லை. பேசினை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இனி இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் ஆய்வுகூடத்து யாகப்பு. அவர் அதிகம் கதைக்காத மனிதர். குழாயிலிருந்து ஒரு போத்தல், கையிலிருந்து ஒரு போத்தல், இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துச் சூட்டுப் பெட்டிக்குள் வைப்பது. குழாயின் போத்தலில் கிருமி முந்தி வளர்ந்தால் குற்றவாளி குழாய். முறை அவ்வளவுதான். சங்கம் இதை இரண்டு கூட்டத்தில் விவாதித்தது. குழாயைச் சந்தேகிப்பது போஷகரைச் சந்தேகிப்பதற்குச் சமம் என்று ஓர் உப தலைவர் குறைப்பட்டார். கடைசியில் பெரிய மனது பண்ணி விட்டார்கள்.

அடுத்த நாளே யாகப்பு இரண்டு போத்தலையும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு ஓடி வந்தார். குழாயிலிருந்து எடுத்தது கழுநீர் மாதிரிக் கலங்கிப் போயிருந்தது. கையிலிருந்து எடுத்தது இன்னும் தெளிவாகவே இருந்தது.

“அப்ப குழாய்தான் முந்தினதோ?” என்று கேட்டார் இளையதம்பி.

“ஓம். நல்லா முந்தீட்டுது.”

தலைவர் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நம்முடைய ஊரில் எதிலும் முதலாவதாய் வந்தவனைப் பற்றி மேலதிக விசாரணை கிடையாது என்பது தெரிந்ததுதானே. பிள்ளை பாடத்தை விளங்கிப் படித்தானா, பாடமாக்கிக் கக்கினானா என்று எவன் கேட்டான்? வைத்தியசாலையின் குழாய் முதலாம் இடம் என்று குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பங்குபற்றிய கைக்கும் ஓர் ஆறுதல் பரிசு கொடுக்கலாமே என்று தனாதிகாரி இரக்கப்பட்டார். யாகப்பு போத்தல்களை மேசையில் வைத்துவிட்டு, கிருமி முந்துவது நல்லதில்லை என்று சொல்லிப் பார்த்தார். தோற்ற பக்கத்துக்காரர் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்கள்.

பத்மாசினி இதை வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. கை தட்டுகிறார்களே, அப்போது ஆளுக்குச் சுகம் வரப் போகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தாள். ஆழ்வாப்பிள்ளை போர்வைக்குள் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

“இஞ்சை பார், நீயே இதைப் பிடிச்சு இழுத்து விடு,” என்றான். “கடல்லை சாகாதவன் உந்தக் கட்டில்லை போறதோ?”

அவளுக்கும் இழுத்துவிடத்தான் கை துடித்தது. ஆனால் கழற்றத் தெரியாதவர்கள் கழற்றினால் இரத்தம் பாயும், காற்று நெஞ்சுக்குள் போய் ஆளை முடித்துவிடும் என்று ஸ்ரெல்லா மிசி சொல்லி வைத்திருந்தாள். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா என்று விசாரித்தாள். தாராளமாகக் கொண்டு போகலாம். குழாய் மட்டும் வைத்தியசாலைச் சொத்து, அது கேற்றைத் தாண்டச் சபையின் தீர்மானம் வேண்டும் என்றார்கள். அவள் நேரே டொக்டரின் அறைக்குப் போனாள். கும்பிட்ட கையை இறக்காமலே நின்றாள்.

டொக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

“எனக்குத் தெரியாமல் இல்லைப் பிள்ளை. காய்ச்சல் குழாயாலைதான். லண்டனிலை எண்டால் முதல் நடுக்கத்தோடை இழுத்து எறிஞ்சிருப்பன். இஞ்சை விழாவுக்கு முன்னம் கழட்டினால் திறக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. பிறகு ஒப்பரேசன் தியேட்டருக்கு ஒரு லைட் கேட்டு நான் ஆரிட்டைப் போறது?”

“அப்ப இவர் செத்துப் போனால்?”

டொக்டர் அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தார். “சாக விடமாட்டன். விழா முடியுமட்டும் எப்பிடியும் விடமாட்டன்,” என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருடைய காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

பத்மாசினி அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். வயிற்றை வெட்டிப் பிழைக்க வைத்த இதே மனிதன் ஒரு நாடாத் துண்டுக்குப் பயந்து கிடக்கிறானே என்ற கோபம். இந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு தந்தி வந்து சேர்ந்தது. பிரதம விருந்தினருக்கு வேறொரு திறப்பு விழா இருப்பதால், இந்த வெள்ளி வர முடியாது, அடுத்த மாதம் பார்க்கலாம்.

அடுத்த மாதம் வரை ஆழ்வாப்பிள்ளை தாங்க மாட்டான். அதைச் சொல்ல டொக்டரும் தேவையில்லை, மிசியும் தேவையில்லை; அவனுடைய கன்னத்தைப் பார்த்தாலே போதும். அவள் காரியதரிசி அறைக்குள் கேட்காமலே போனாள். இளையதம்பி நிகழ்ச்சி நிரலில் திகதியை வெட்டிக்கொண்டிருந்தார்.

அவள் போட்டி போட்டுக் கதைக்கப் போகவில்லை. உண்மையாகவே அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “ஐயா, எல்லாத்தையும் திறக்கிறதுக்கு விழா வைக்கிறியள். கழட்டுறதுக்கு ஒரு விழாவும் இல்லையோ?”

இளையதம்பியின் பேனா நின்றது. மூக்குக்குக் கொண்டுபோன தூளும் வழியில் நின்றது. முப்பது வருடச் சேவையில் அவர் கேட்காத கேள்வி அது. திறப்பு விழா எவனும் வைப்பான். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி போன வருடம் ஒரு தள்ளுவண்டிக்குக்கூட வைத்தது. கழற்றும் விழா? குடாநாட்டில் ஒருவரும் வைத்ததில்லை. அவர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“பிள்ளை, இது வெளியிலை போகக் கூடாது. பக்கத்து ஊரானுக்குத் தெரிஞ்சால் நாளைக்கே எதையெண்டாலும் கழட்டிப் போடுவான்.”

பிறகு நடந்ததைப் பார்த்தால், அந்த வைத்தியசாலைக்கு ஓடவும் தெரியும் என்று விளங்கியது. கொழும்பு விருந்தினரை விட்டுவிட்டு, அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறியிருந்த ஒருவரைக் கையோடு பிடித்தார்கள். மறுநாள் காலை வாழை கட்டி, தோரணம் தூக்கி, ஆண்கள் வார்ட்டுக்குள்ளேயே நிறைகுடம் வைத்தார்கள். மேளகாரரை வெளியே வேம்பின் கீழ் நிறுத்தினார்கள். ஒப்பரேசன் முடிந்து வந்த ஒருவர் மேளச் சத்தத்துக்கு எழுந்து தாமாகவே வீட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குணமடைந்தோர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

தேவாரம், மங்கள விளக்கு, வரவேற்புரை. பிறகு தலைமையுரை. ஆழ்வாப்பிள்ளைக்குப் பட்டுச் சால்வை போர்த்தித் தலையணையில் சாய்த்து வைத்திருந்தார்கள். தலைமையுரையின் நடுவில் அவனுக்குக் குளிர் எடுத்துவிட்டது. கட்டில் தடதடவென்று ஆடியது. இளையதம்பி ஒலிவாங்கியைப் பிடுங்கி, “பெரியோர்களே, எங்கள் கௌரவ உறுப்பினர் ஆனந்த மிகுதியால் புளகாங்கிதம் அடைகின்றார்,” என்று அறிவித்தார். சபை கை தட்டியது. பத்மாசினி அவனுடைய காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் எத்தனை பேர் பேச இருக்கிறார்கள் என்று மிசியிடம் கேட்டாள். மிசி கழுத்துச் சிலுவையைத் தடவினாள்.

பிரதம விருந்தினர் எழுந்தார். உருண்டையான மனிதர், குரல் கணீரென்றது.

“நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் கிணறு, பாலம், வாசிகசாலை, சந்தை என எத்தனையோ திறந்து வைத்தேன். திறந்த எதையும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. பார்ப்பது என் கடமையும் அல்ல. திறப்பவன் பார்க்கத் தொடங்கினால் திறப்பதற்கு நேரம் எங்கே? இன்றுதான் முதன்முறையாக ஒன்றைக் கழற்றவும் அழைத்திருக்கிறீர்கள். கிருமிகளுக்கு நான் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். நீங்கள் எவ்வளவு சிறியவர்களாக இருந்தாலும், முறைப்படி விண்ணப்பித்துத்தான் உள்ளே வர வேண்டும்.”

அது பெரிய நகைச்சுவை என்று சிரித்தார்கள். அவர் நாடாவை வெட்டினார். பேசினில் தண்ணீர் திறந்து, ஒரு விரலை நனைத்து, படம் எடுக்கும்வரை அப்படியே பிடித்திருந்தார்.

அடுத்தது டொக்டர். அவர் மேடையை ஏறெடுத்தும் பார்க்காமல் பேசினுக்குப் போனார். சவர்க்காரம் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஓர் உப தலைவர் பேசவேண்டியிருந்த நேரத்தையும் சேர்த்துக் கழுவினார். பிரதம விருந்தினரின் கையில் ஒரு தட்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். உறை மாட்டி, தையலை வெட்டி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒரே இழுவையில் குழாயை எடுத்து, அந்த இடத்தை அழுத்திப் பிடித்தார். கத்தி பிடிக்கும் கை அது. ஒரு துளி சிந்தவில்லை. பத்மாசினிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தாராளமாக அழுதாள். அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள்; இந்தத் தடவை மட்டும் சரியாகத்தான் சொன்னார்கள்.

குழாயின் நுனியை வெட்டிச் சோதிக்கத் தரும்படி யாகப்பு கேட்டுப் பார்த்தார். முதலாம் இடம் வந்ததை வெட்டுவதா என்று முறைத்துவிட்டு, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தார்கள். நன்றியுரையில் இளையதம்பி உணர்ச்சிவசப்பட்டு ஒரு பிரேரணையும் கொண்டு வந்தார்: இனிமேல் இந்த வைத்தியசாலையில் எந்தக் குழாயும் பிரதம விருந்தினர் இல்லாமல் கழற்றப்படலாகாது. எல்லாரும் கையை உயர்த்தினார்கள். பிறகு அதே கையால் தேநீர் விருந்தில் றோல்சையும் கட்லட்டையும் எடுத்தார்கள். பரிமாறினவர்களும் அப்படித்தான். பேசினில் கழுவியிருக்கலாம், ஆனால் நனைந்தால் அழுக்காகிவிடுமே என்று இளையதம்பி அதன் மேல் பலகை மூடி போட்டுப் பூட்டி, பூட்டின் திறப்பைத் தன் அரைஞாணில் முடிந்துகொண்டார்.

ஆழ்வாப்பிள்ளையின் நடுக்கம் அன்றோடு போயிற்று. கை நரம்பு ஒன்று திரும்ப எழும்பியிருந்ததால் மருந்தை அதில் ஏற்றினார்கள். காய்ச்சலும் இறங்கியது. மீன் குழம்பு கேட்டான். கிடைக்காது என்றதும் ஏசினான். இனிப் பயமில்லை என்று பத்மாசினி அவனை வீட்டுக்குக் கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்துக் காயத்தைக் காட்ட இருவரும் திரும்ப வந்தபோது, ஆழ்வாப்பிள்ளை கிடந்த அதே கட்டிலில் இளையதம்பி கிடந்தார்.

கட்லட் தன் வேலையைக் காட்டியிருந்தது. விருந்து சாப்பிட்ட பாதிப்பேருக்கு வயிற்றோட்டம். இளையதம்பி மூன்று கட்லட் சாப்பிட்டவர். உடம்பில் தண்ணீர் வற்றி, கையில் ஒரு நரம்பும் அகப்படாமல் போக, டொக்டர் சூட்கேசிலிருந்த இரண்டாவது பொதியை எடுத்தாராம். எடுத்துக்கொண்டு எங்கே கை கழுவுவது என்று திரும்பிப் பார்த்தபோது, கண் செருகிக் கிடந்த இளையதம்பி தாமே அரைஞாணைத் தடவித் திறப்பை அறுத்து நீட்டினாராம். பிரேரித்தவரும் இல்லை, ஆமோதித்தவரும் இல்லை. ஸ்ரெல்லா மிசி இதைச் சொல்லும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

குழாய் சுத்தமாகத்தான் உள்ளே போயிற்று. ஆளும் தப்பிவிட்டார். ஆனால் காரியதரிசி படுக்கையில் கிடந்தால் சங்கத்துக்குத் தற்காலிகக் காரியதரிசி வேண்டாமா? நேற்றுப் பின்னேரம் புதியவர் வந்து, வழக்கப்படி குழாயைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறார். தலைவரும் தொட்டு வாழ்த்தியிருக்கிறார். தொடாதையுங்கோ என்று இளையதம்பி கத்தினாராம். பலவீனத்தில் குரல் எழும்பவில்லை. ஆசீர்வாதம் என்று நினைத்துப் போய்விட்டார்கள். இன்று காலை அவருக்குக் குளிரத் தொடங்கிவிட்டது.

“கழட்ட வேண்டியதுதானே,” என்றாள் பத்மாசினி.

டொக்டர் நிலத்தைப் பார்த்தார். தீர்மானம் இருக்கிறதே. பிரதம விருந்தினருக்கு ஆள் அனுப்பினார்கள். அவரும் கட்லட் சாப்பிட்டவர், வீட்டுக் கொல்லைப்புறத்தை விட்டு அசைய முடியாமல் இருக்கிறார். கொழும்புக்காரருக்குத் தந்தி அடித்திருக்கிறார்கள். மறுமொழி வரவில்லை. இளையதம்பி போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பல்லு அடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடம் எல்லாரையும் பிளாற்போமில் காக்க வைத்த மனிதர், இப்போது தானே காத்துக் கிடந்தார்.

“பிள்ளை,” என்றார் அவளைப் பார்த்து, “எப்ப கழட்டுவினமாம்?”

கிடக்கட்டும், நாலு நாள் நடுங்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. சொல்லாமல் இருக்குமா? கட்டில் கிடுகிடுத்த சத்தம் இன்னும் அவளுடைய காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் அந்த மனம் நிலைக்கவுமில்லை. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை அவளால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

“டொக்டர் ஐயா, பிரதம விருந்தினர் ஆரெண்டு தீர்மானத்திலை பேர் இருக்கோ?”

டொக்டர் யோசித்தார். பேர் இல்லை.

அவள் ஆழ்வாப்பிள்ளையின் தோளில் கிடந்த சால்வையை உருவினாள். மீன் வெடுக்கு மணக்கும் பழைய சால்வை. தன் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, வார்ட்டில் மிஞ்சியிருந்த ஒரேயொரு கதிரையை இழுத்துக் கட்டிலடியில் போட்டு அதில் இருந்தாள். யாகப்பு வாசலில் வந்து நின்றார். ஸ்ரெல்லா மிசி தட்டைத் தூக்கினாள். இளையதம்பி நடுங்கும் இரண்டு கையையும் சேர்த்து, எதிர்க்கட்சியே இல்லாத ஏகமனதோடு அவளைக் கும்பிட்டார்.

டொக்டர் தயங்கினார். “விருந்தினர் உரை ஒண்டு வேணுமே.”

பத்மாசினி எழுந்து நின்றாள். அந்த வைத்தியசாலையின் வரலாற்றிலேயே மிகச் சிறிய உரை அதுதான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

“கையைக் கழுவிப்போட்டுக் கழட்டுங்கோ,” என்றாள்.